குளியல் பொடியில் கார்போகரிசி இருக்கிறதா?

ராமநாதபுரம், கீழக்கரை, ராமேஸ்வரம் பக்கத்து நாட்டு மருந்துக் கடைகளில் நலங்கு மாவு இரண்டு விதமாகக் கிடைக்கிறது: கம்பெனி பாக்கெட், கடைக்காரரே அரைத்துக் கட்டிய கவர். பள்ளிக்கூடப் பிள்ளைக்கு வாங்கினால் மணத்தை விட்டுவிட்டுச் சரக்கைப் பாருங்கள்.

முதலில் பார்க்க வேண்டியது, கார்போகரிசி என்ற விதை சேர்ந்திருக்கிறதா என்பது. நலங்கு மாவில் வழக்கமாகச் சேர்வதுதான். ஆனால் அதில் சோரலென் இருக்கிறது; தோலில் பட்டபின் வெயில் பட்டால் தோலைப் புண்ணாக்கும் பொருள். வெண்புள்ளிக்கு அதைத் தடவி வெயில் காட்டுவதே அதனால்தான். காலையில் தேய்த்துக் குளித்துவிட்டு, நிழலில்லாத கடலோர மைதானத்தில் பி.டி. (விளையாட்டு) பீரியடுக்கு நிற்கிற பிள்ளைக்கு அது ஆகாது. அன்றைக்கே ஒன்றும் தெரியாது. ஓரிரு நாள் கழித்துக் கழுத்தும் முன்கையும் சிவக்கும், கொப்புளமும் போடலாம்; ஆறினாலும் கருமை மாதக்கணக்கில் நிற்கும். வேர்க்குரு என்று நினைத்து இன்னும் ஒரு கை பொடி தேய்த்தால், கேட்கவே வேண்டாம். இதே காரணத்தால் எலுமிச்சைத் தோல் சேர்த்ததும் வேண்டாம்.

கஸ்தூரி மஞ்சள் வெளிறிய நிறம்; கையில் அவ்வளவாக ஒட்டாது. ஒரு சிட்டிகையைத் தண்ணீரில் போட்டதும் அடர் மஞ்சளாகக் கரைந்தால் சாயமோ என்று சந்தேகப்படுங்கள்.

கம்பெனி பாக்கெட்டில் உரிம எண், பேட்ச் எண், காலாவதி நாள் எல்லாம் இருந்தும், உள்ளே என்ன என்பதை ‘மூலிகைகள்’ என்ற ஒரே சொல்லில் முடித்திருந்தால் திருப்பி வைத்துவிடலாம். கடைக் கவரில் இது எதுவுமே இருக்காது. ஆனால் கேட்டால் கடைக்காரர் கண்ணெதிரே நிறுத்துப் போடுவார். அந்த வகையில் கடைதான் மேல். 200 கிராம் பாசிப்பயறுக்கு வெட்டிவேர், ரோஜா இதழ், பூலாங்கிழங்கு தலா 10 கிராம் போதும்.

கோளாறு பெரும்பாலும் மில்லில்தான். மிளகாய் அரைத்த கையோடு இதைப் போட்டால் பிள்ளை கண்ணெரிச்சலில் கத்தும். முதலில் ஒரு கை அரிசி ஓட்டச் சொல்லுங்கள். அரைத்ததைத் துணியில் சலிக்க வேண்டும்; நரநரவென்ற வெட்டிவேர்த் தும்பு தோலைக் கீறும்.

புதுப் பொடியை முழங்கை மடிப்பில் காசளவு குழைத்துத் தடவி, 10 நிமிடத்தில் கழுவி, 2 நாள் பாருங்கள். கரப்பான், சிரங்கு, கீறல் உள்ள இடத்தில் வேண்டாம். உலர்பொடியாகத் தூவினால் மூக்கில் ஏறும். குழைத்தே தேய்க்க வேண்டும். கடற்காற்றின் ஈரத்தில் கவர் பொடி சீக்கிரம் கட்டிதட்டும். பூசண வாடை வந்தால் சலித்துப் பயன்படுத்தாமல் கொட்டிவிடுங்கள்.