தாத்தா பிஸ்டலுக்கு சரியான பேரு சொன்ன பாரிஸ் ஆர்ம்ஸ் கடை

நைனா போன வருஷம் தவறிட்டாரு. அவரு பேருல லைசென்ஸ் இருந்த பாக்கெட் பிஸ்டல வீட்ல வெச்சிருக்க கூடாது, எனக்கு லைசென்ஸ் வர்ற வரைக்கும் ஒண்ணு ஸ்டேஷன்ல ஒப்படைக்கணும் இல்ல டீலர்கிட்ட டெபாசிட் பண்ணனும்னு சொன்னாங்க, அப்படித்தான் சென்னை பாரிஸ் கார்னர்ல இருக்குற இந்த துப்பாக்கி கடைக்கு போனேன். வெச்சிட்டு வந்துரலாம்னு போனவன் ரெண்டு மணி நேரம் உக்காந்துட்டேன்.

ராயபுரத்துல மரக்கடை வெச்சிருந்த எங்க தாத்தா வாங்கினது அது. நாலரை இஞ்ச் நீளம், உள்ளங்கையில அடங்கிடும், எங்க வீட்ல எல்லாருக்குமே அது "கோல்ட்" தான், அதாவது அமெரிக்காவோட கோல்ட் (Colt) கம்பெனி துப்பாக்கி. கடைக்கார பாய் வாங்கினதும் மொதல்ல தோட்டா அடுக்குற மேகசின உருவிட்டு, மேல் மூடி மாதிரி இருக்குற ஸ்லைட இழுத்து, தோட்டா உக்கார்ற சேம்பர் காலியான்னு ரெண்டு தடவ பாத்தாரு. அப்புறம் வெள்ளத்துணி விரிச்சு அதுமேல வெச்சு லென்ஸ எடுத்தாரு. "இது கோல்ட் இல்ல தம்பி, பெல்ஜியம்."

நான் நம்பல. அவரு பொறுமையா காட்டினாரு. கோல்ட்னா கைப்பிடி தகட்டுல முன்னங்கால தூக்கின குதிரை இருக்கும், எங்களுதுல எஃப், என்னு ரெண்டு எழுத்து பின்னிக்கிட்டு இருக்கு, இத்தன வருஷமா அத ஏதோ பூ டிசைன்னு நெனச்சிருக்கோம். ரெண்டுமே ஜான் பிரௌனிங்ங்கற அமெரிக்க துப்பாக்கி டிசைனர் பண்ணதுதானாம், 1906ல பெல்ஜியத்துல எஃப்என் (FN) கம்பெனி போட்டது, 1908ல அமெரிக்காவுல கோல்ட் போட்டது, அதனால பாக்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். தோட்டாவும் ஒண்ணுதான், பெல்ஜியத்துல 6.35 எம்எம்னு சொல்றத அமெரிக்காவுல பாயிண்ட் 25ன்னு சொல்றாங்க. ஸ்பெயின்ல ஐபார்ங்கற ஊர்ல இதே மாதிரி காப்பி ஏகப்பட்டது அடிச்சிருக்காங்க, அதுல நெறையத்துல கைப்பிடி பின்னாடி அழுத்தி புடிச்சாதான் சுட விடுற கிரிப் சேஃப்டி இருக்காதாம், எங்களுதுல இருக்கு. கடைசியா தோட்டா வெளிய விழுற ஓட்டை வழியா பேரல்ல, அதாவது குழல்ல, லென்ஸ் வெச்சு காட்டினாரு, கடுகு சைஸ்ல ஒரு முட்டை வட்டம், உள்ள ஈ எல் ஜி, மேல கிரீடம். அது பெல்ஜியத்துல லியேஜ் ஊர்ல துப்பாக்கிய டெஸ்ட் பண்ண முத்திரை, கிரீடம் சேத்தது 1893க்கு அப்புறம்.

இதெல்லாம் ஏன் தேட வேண்டியதா போச்சுன்னா ஸ்லைடு மேல கம்பெனி பேரு நீளமா இருக்கணும், எங்களுதுல எஃப்என் கம்பெனி இருக்குற ஹெர்ஸ்டால்ங்கற ஊர் பேருல பாதி எழுத்துதான் மிச்சம். பத்து வருஷம் முன்னாடி நைனா வேற எடத்துல சர்வீஸுக்கு குடுத்தப்போ பளபளன்னு இருக்கட்டும்னு மெஷின்ல தேய்ச்சு பஃப் அடிச்சு, ப்ளூயிங்னு சொல்ற கறுநீல பூச்சு புதுசா போட்டு குடுத்துட்டாங்க. அன்னிக்கு நைனா எவ்ளோ சந்தோஷப்பட்டாருன்னு எனக்கு ஞாபகம் இருக்கு, அதான் மனசு கஷ்டமா இருக்கு. நானும் துருப்புள்ளிய எடுத்து புதுசு மாதிரி பண்ணி குடுங்கன்னுதான் கேட்டேன், காசு குடுக்கறேன்னும் சொன்னேன், பாய் வாங்கல. "துருவ எண்ணெய் போட்டு நிறுத்தலாம், எழுத்து போனா திரும்ப வராது"ன்னுட்டாரு. இந்த ஒரு வார்த்தைக்கே இந்த கடைக்கு போலாம்.

பழைய துப்பாக்கின்னா லைசென்ஸ் வேணாம்னு நெனைக்கறவங்க கவனிங்க. 1959 ஆயுத சட்டத்துல விலக்கு இருக்கு, ஆனா ரிப்பேர் பண்ணா கூட சுட முடியாத நிலைமையில இருக்கணும். சுடும்னா நூறு வருஷம் ஆனாலும் லைசென்ஸ் வேணும். 2019ல இருந்து ஒருத்தருக்கு 3 துப்பாக்கி இல்ல, 2 தான், வாரிசா வர்றதும் அந்த கணக்குல சேரும்.

குறைன்னா கடை ரொம்ப சின்னது, வண்டி நிறுத்த எடமே இல்ல, போன் எடுக்கறதில்ல, வெள்ளிக்கிழமை மதியம் தொழுகைக்கு மூடிடுவாங்க.

தாத்தா காலத்து லைசென்ஸ் புக்குல "கோல்ட்"னு எழுதியிருக்கறத பாய்தான் கண்டுபுடிச்சாரு. நம்பர் சரியா இருக்கு, பேரு மட்டும் தப்பு, உன் விண்ணப்பத்துல சரியா போடுன்னு சொல்லி கடை லெட்டர்ஹெட்ல எழுதி சீல் வெச்சு குடுத்தாரு. எஃப்என் பிரௌனிங், 6.35 எம்எம், பெல்ஜியம். அந்த பேப்பர ஜெராக்ஸ் எடுத்து ஒண்ணு நைனா போட்டோவுக்கு பின்னாடி சொருகி வெச்சிருக்கேன்.