விசாகப்பட்டினம் டியூ-142 அருங்காட்சியகம்: அரக்கோணத்திலிருந்து பறந்த விமானம்

விசாகப்பட்டினம் ராமகிருஷ்ணா கடற்கரையில் ஐ.என்.எஸ். குர்சுரா நீர்மூழ்கிக் கப்பலைப் பார்க்கச் செல்பவர்கள், சாலைக்கு எதிர்ப்புறம் உள்ள டியூ-142 விமானத்தையும் தவறாமல் பார்க்க வேண்டும். ஒளிந்து திரிவதற்கென்றே கட்டப்பட்ட கலத்துக்குள்ளும், அதைத் தேடிப் பிடிப்பதற்கென்றே கட்டப்பட்ட விமானத்துக்குள்ளும் ஒரே மாலையில் நடந்து பார்க்கும் வாய்ப்பு அரிது. குர்சுராவை முதலில் பார்த்துவிட்டால் விமானத்தின் வேலை எளிதில் விளங்கும்.

கடற்படையின் விமானப் பிரிவு என்றதும் விமானந்தாங்கிக் கப்பல்தான் பலருக்கும் நினைவுக்கு வருகிறது. 1971 வங்கதேசப் போரில் விக்ராந்த் கப்பலிலிருந்து எழுந்து காக்ஸ் பஜாரையும் சிட்டகாங்கையும் தாக்கிய சீ ஹாக் விமானங்களுக்கு அந்தப் புகழ் தகும். ஆனால், கரையிலிருந்து கிளம்பி நெடுநேரம் நடுக்கடலைக் கண்காணித்துத் திரும்பும் பணியை அதற்குக் குறைந்ததாக நான் கருதவில்லை. 1976 வரை விமானப்படையிடம் இருந்த அப்பணியை, அங்கிருந்து கைமாறிய சூப்பர் கான்ஸ்டலேஷன் விமானங்களைக் கொண்டு தொடங்கிய கடற்படை, பின்னர் இல்யூஷின்-38 விமானங்களையும், 1988இல் சோவியத் ஒன்றியத்திடமிருந்து எட்டு டியூ-142 விமானங்களையும் பெற்றது. முதலில் கோவாவின் டபோலிமில் இருந்த இவை, 1992இல் அரக்கோணத்தில் ராஜாளி என்ற கடற்படை விமானத் தளம் தொடங்கப்பட்டபின் அங்கு இடம்பெயர்ந்து, 29 ஆண்டுகள் விபத்தின்றிப் பறந்து, 2017 மார்ச்சில் அங்கேயே ஓய்வுபெற்றன. அதே ஆண்டு டிசம்பரில் குடியரசுத் தலைவர் ராம்நாத் கோவிந்த் இந்த அருங்காட்சியகத்தைத் திறந்துவைத்தார்.

விமானத்தின் உருவமே முதலில் மலைக்க வைக்கிறது. இறக்கையின் அகலம் சுமார் 50 மீட்டர். நான்கு என்ஜின்களிலும் எதிரெதிர்த் திசையில் சுழலும் இரட்டைப் புரொப்பெல்லர்கள். (இதன் இரைச்சலைப் பற்றி அரக்கோணத்துக்காரர்களுக்கு நாம் சொல்லித் தர வேண்டியதில்லை.)

காட்சிக்கூடத்தில் நேரம் செலவிட வேண்டிய இடம் சோனோபாய் மிதவைகள்தாம். விமானத்திலிருந்து கடலில் வீசப்படும் இம்மிதவை, ஒலிவாங்கியை ஆழத்துக்கு இறக்கி, நீருக்கடியில் கேட்கும் ஓசைகளை வானொலி அலைகளாக விமானத்துக்கு அனுப்புகிறது. பல மிதவைகளின் செய்திகளை ஒப்பிட்டுத்தான் நீர்மூழ்கியின் இருப்பிடம் கணிக்கப்படுகிறது. குழந்தைகள் விமானி அறைக்கு ஓடுவார்கள்; பெரியவர்கள் இங்கே நிற்கலாம்.

விமானத்தின் உட்பாதை குறுகலானது என்பதால், முழங்கால் வலி உள்ளவர்கள் வெளியிலிருந்து பார்ப்பதோடு காட்சிக்கூடத்துக்குச் சென்றுவிடலாம். இதன் வேலையை இப்போது அதே ராஜாளி தளத்திலிருந்து போயிங் பி-8ஐ ஜெட் விமானங்கள் செய்கின்றன. அவையும் சோனோபாய்களையே வீசுகின்றன.