எக்செல் கோப்பு செய்து வாங்கும் டர்பன் கடைக்காரர்கள் கவனத்துக்கு

சாட்ஸ்வொர்த்தில் பூஜைச் சாமான் கடை வைத்திருக்கிறோம். சரக்கு இந்தியாவிலிருந்து டாலர் கணக்கில் வருகிறது. தென்னாப்பிரிக்க ராண்டில் விலை போட ஒரு எக்செல் கோப்பை இங்கேயே ஒருவரிடம் காசு கொடுத்துச் செய்து வாங்கினோம். டாலர் மதிப்பை ஒரே ஒரு கட்டத்தில் மாற்றினால் போதும், எல்லா விலையும் தானாக மாறிவிடும் என்று சொல்லித்தான் கொடுத்தார்.

மாறவில்லை. புரட்டாசி வியாபாரம் சூடாக இருந்த நேரத்தில் டாலர் 17.40-லிருந்து 18.60 ஆனது. 20 டாலர் பித்தளை விளக்கின் அடக்கம் 348 ராண்டிலிருந்து 372 ஆகியிருக்க வேண்டும். திரையில் 348 அப்படியே நின்றது. அந்த விலைக்கே மொத்த வியாபாரிகளுக்கு பில் போய்விட்டது. மறுபடி கணக்கிடச் சொல்லும் எஃப்9 விசையை அழுத்தினாலும் அசையாது. அவரைக் கூப்பிட்டால் வருவார், கீபோர்டில் எதையோ தட்டுவார், விலை சரியாகிவிடும், வந்த கூலியை வாங்கிக்கொண்டு போவார். டாலர் மாறினால் மறுபடி அதே கதை. விலையைக் கணக்கிட கோப்புக்குள் அவர் எழுதி வைத்த நிரலுக்கோ பாஸ்வேர்ட் பூட்டு.

ஜோகன்னஸ்பர்க்கில் கணக்கு வேலை பார்க்கும் அண்ணன் மகள் வந்தபோது, நிரலைத் திறக்காமலே, விலைக் கட்டத்தில் இருந்த சூத்திரத்தைப் பார்த்தே பிடித்துவிட்டாள். "அடைப்புக்குறிக்குள்ள சரக்கு விலைக் கட்டம் மட்டும்தான் இருக்கு அத்தை, டாலர் கட்டம் இல்லையே" என்றாள்.

விஷயம் இதுதான். நாமாக நிரலில் எழுதிச் சேர்க்கும் ஃபங்ஷனை, அதாவது கணக்குப் போடும் கட்டளையை, அடைப்புக்குறிக்குள் கொடுத்த கட்டங்கள் மாறினால்தான் எக்செல் மறுபடி கணக்கிடும். டாலர் மதிப்பை நிரல் தனக்குள்ளேயே எட்டி எடுத்துக்கொண்டால் எக்செல்லுக்கு அந்தத் தொடர்பே தெரியாது. எஃப்9-ம் அதைத் தொடாது. கண்ட்ரோல், ஆல்ட், எஃப்9 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் எல்லாம் கணக்காகிவிடும். அவர் தட்டியது அதைத்தான். அதற்குத்தான் ஒவ்வொரு தடவையும் கூலி!

இதை அவரிடம் கேட்டதும் 'அப்கிரேட்' என்று இன்னொரு தொகை சொன்னார். அவர் சொன்னது வோலடைல் என்ற ஒரு வரியைச் சேர்ப்பது. அப்புறம் எங்கே ஒரு எண் அடித்தாலும் அந்த ஃபங்ஷன் உள்ள அத்தனை கட்டமும் மறுபடி ஓடும்; எங்களுடையது போலப் பெரிய கோப்பு திணறிப்போகும். வேண்டாம் என்றோம். அண்ணன் மகளே டாலர் கட்டத்தையும் அடைப்புக்குறிக்குள் சேர்த்து ஃபங்ஷனைப் புதிதாக எழுதினாள். இப்போது சரியாக ஓடுகிறது.

யாரிடம் செய்து வாங்கினாலும், அவர் எதிரிலேயே டாலர் கட்டத்தை மாற்றிப் பாருங்கள். விலை தானாக மாறி, பாஸ்வேர்டும் கைக்கு வரும்வரை கடைசிப் பணத்தைக் கொடுக்காதீர்கள். எங்களுக்கு இன்னும் அந்த பாஸ்வேர்ட் வரவில்லை.