தொட்டிக்குள் ஒரு ரவுடி: கல்லை மாற்றுவதா, கூட்டம் சேர்ப்பதா, பிரித்து வைப்பதா?

என் மூன்றடி மீன் தொட்டியில் ஒரு காலத்தில் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. நான்கு முத்து கௌராமி, ஏழெட்டு பிளாட்டி, ஒரு ஜோடி மோலி, தரையைக் கிளறிக்கொண்டு நான்கு கோரி. ஒரு ஞாயிற்றுக்கிழமை, சென்னையில் வண்ண மீன் கடைகள் நிறைந்த கொளத்தூர் போனவன், கைக்கு அடக்கமாக இருக்கிறதே என்று ஒரு ப்ளூ கௌராமியையும் வாங்கி வந்தேன். அன்று அது கட்டைவிரல் நீளம். எட்டு மாதத்தில் நாலு அங்குலம் தாண்டியது. முதுகுத் துடுப்பு நீண்டு கூர்மையானதும், ஆண் என்று தெரிந்தது. அதோடு நிம்மதி போயிற்று.

காலையில் தீனி போடும்போது உட்கார்ந்து கவனித்தேன். வலது மூலையில், மிதக்கும் செடிகளுக்கு அடியில் அது அசையாமல் நிற்கிறது. ஒரு பிளாட்டி பெல்லட்டைத் துரத்திக்கொண்டு முக்கால் அடி தூரத்துக்குள் வந்தால் போதும், அம்பு மாதிரி ஒரு பாய்ச்சல். முட்டித் தள்ளிவிட்டு, திரும்ப அதே இடம். முத்து கௌராமிகள் ஃபில்டர் குழாய்க்குப் பின்னால் நிறம் வெளுத்து ஒண்டிக்கிடந்தன. மோலியின் வாலில் அரைவட்டமாக ஒரு துண்டைக் காணோம்.

யோசனை சொல்லாத ஆள் இல்லை. எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் செய்து பார்த்துவிட்டதால், எது எதற்கு உதவும் என்று ஓரளவு சொல்ல முடியும்.

முதல் யோசனை கடைக்காரருடையது. "சார், கல்லு, செடி எல்லாத்தையும் எடுத்து இடம் மாத்தி வைங்க. தானா அடங்கிடும்." இதில் நியாயம் இருக்கிறது. பஸ்ஸில் ஜன்னலோர சீட்டில் துண்டு போட்டு வைப்பது போலத்தான் மீனும் இடம் பிடிக்கிறது. முதலில் வந்தவனுக்குத் தைரியம் அதிகம், பின்னால் வந்தவன் ஒதுங்கிப் போவான். சீட்டையே கழற்றி வேறு பக்கம் மாட்டிவிட்டால் எல்லாரும் புதுசு. பைசா செலவில்லை, அரை மணி நேர வேலை. அதனால் நானும் இதிலிருந்துதான் தொடங்கினேன். கல், கட்டை, தொட்டிச் செடி எல்லாவற்றையும் புரட்டிப்போட்டேன்.

ஒன்றும் நடக்கவில்லை. பாதித்தது கோரிகள்தான், பாவம், ஒரு நாள் முழுக்க வழி தெரியாமல் அலைந்தன.

ஏன் என்று பிறகுதான் உறைத்தது. கல்லை மாற்றுவது, கல்லிடுக்கையும் குழியையும் சொந்தம் கொண்டாடும் மீனுக்கான மருந்து. கான்விக்ட் சிக்லிட் வைத்திருப்பவருக்கு அது பலிக்கலாம். கௌராமி ஆணின் சொத்தோ தரையில் இல்லை, தண்ணீரின் மேல்பரப்பில். அது வாயால் நுரைக் குமிழி ஊதிக் கூடு கட்டும் இனம். வலது மூலையில் செடிக்கு அடியில் ஐந்து ரூபாய் நாணயம் அகலத்தில் நுரை மிதந்துகொண்டிருந்ததை, கண்ணெதிரே இருந்தும் நான் பொருட்படுத்தவில்லை. மிதக்கும் செடிகளை அள்ளிவிட்டு, ஃபில்டரின் வாயை அந்த மூலைப் பக்கம் திருப்பி, மேலே தண்ணீர் சலசலக்கும்படி வைத்தேன். கூடு நிற்கவில்லை. மூன்று நாளில் பாய்ச்சல் பாதிக்கு மேல் குறைந்தது. அதே வைத்தியம்தான், இடம் மட்டும் மேலே. ஆனால் மேல்பரப்பு ஓயாமல் கலங்கினால் முத்து கௌராமிக்கும் பிடிக்காது. அதுவும் மேலே வந்து காற்றைக் குடிக்கிற இனம், ஓட்டம் அதிகமில்லாத தண்ணீர்தான் அதற்குத் தோது.

இரண்டாவது யோசனை கூட்டம் சேர்ப்பது. கேட்டதும் சிரிப்பு வரும், சண்டைக்காரனுக்குத் துணைக்கு ஆளா என்று. ஆனால் டைகர் பார்ப் வைத்திருப்பவர்களுக்கு இதைவிட நல்ல வழி கிடையாது. பக்கத்துத் தெரு நண்பர் மூன்றே மூன்று டைகர் பார்ப்பை ஏஞ்சல் மீனோடு விட்டிருந்தார். ஏஞ்சலின் வயிற்றுக்குக் கீழே தொங்கும் நூல் துடுப்புகளைக் கொறித்தே தீர்த்துவிட்டன. பார்ப்களை ஒன்பதாக்கச் சொன்னேன். நம்பாமல்தான் வாங்கினார். அவை கூட்டமாக வாழும் மீன்கள். எண்ணிக்கை எட்டு, பத்து என்று ஆனதும் யார் பெரியவன் என்ற தகராறை அவற்றுக்குள்ளேயே வைத்துக்கொள்ளும், வெளியாள் பக்கம் போவது குறையும். குறைந்தது. ஆனால் நிற்கவில்லை. நீண்ட துடுப்பைத் தொங்கவிட்டபடி மெதுவாகப் போகும் மீனும் டைகர் பார்ப்பும் ஒரே தொட்டியில் கூடாது என்பதுதான் என் கருத்து. ஏஞ்சல் கடைசியில் வேறு வீட்டுக்குப் போயிற்று.

ஆப்பிரிக்காவின் மலாவி ஏரி சிக்லிட் வளர்ப்பவர்களும் வேண்டுமென்றே நெரிசலாக விடுவார்கள், ஒரே மீன் அடி வாங்காமல் பத்துப் பேருக்குப் பகிர்ந்து போகட்டும் என்று. அதற்கு ஃபில்டர் பலமாக இருக்க வேண்டும், தண்ணீர் மாற்றச் சலிக்கக் கூடாது. ஆண் கௌராமி விஷயத்தில் இந்தக் கணக்கு தலைகீழ். இன்னொரு ஆணைச் சேர்த்தால் யுத்தம்தான். இரண்டு மூன்று பெண்களைச் சேர்க்கலாம். ஆனால் 120 லிட்டர் தொட்டியில் ஏற்கெனவே அத்தனை பேர் இருக்கும்போது எனக்கு அது சரியாகப் படவில்லை.

மூன்றாவது, சில நாள் ஒதுக்கி வைப்பது. இதற்கு இரண்டு விதம் உண்டு, இரண்டையும் ஒன்றாக நினைக்கக் கூடாது. குட்டி போடும் மீனுக்கென்று விற்கும் பிளாஸ்டிக் பெட்டியைத் தொட்டிக்குள்ளேயே தொங்கவிட்டு அடைப்பது ஒன்று. செலவு குறைவு. ஆனால் உள்ளே இருப்பவன் எல்லாரையும் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறான், இடத்தை மறப்பதில்லை. நாலு அங்குல மீனுக்கு அந்தப் பெட்டி ஜெயிலைவிட மோசம். ஒரு நாள் அவசரத்துக்கு ஆகும், அவ்வளவுதான்.

கண்ணுக்கே தெரியாமல் வேறு இடத்துக்கு மாற்றுவது மற்றொன்று. நான் மூடி போட்ட 20 லிட்டர் வாளியில் வைத்தேன். கௌராமி துள்ளும், மூடி கட்டாயம். பழைய தொட்டியில் ஒரு மாதம் ஓடிய ஸ்பான்ஜ் ஃபில்டரை உள்ளே போட்டேன். புது ஸ்பான்ஜ் என்றால் அதில் நல்ல பாக்டீரியா இருக்காது, அம்மோனியா ஏறிச் சில நாளிலேயே மீன் படுத்துவிடலாம். ஒன்றுவிட்டு ஒரு நாள் கால்வாசித் தண்ணீர் மாற்றினேன். பத்து நாள் கழித்து விளக்கை அணைத்துவிட்டு, திரும்பத் தொட்டிக்குள் விட்டேன். அதற்குள் முத்து கௌராமிகள் வலது மூலைவரை உலாவப் பழகியிருந்தன. இவன்தான் இப்போது புது ஆள். உடம்பைச் சுருக்கிக்கொண்டு இரண்டு நாள் கட்டைக்குப் பின்னால் இருந்தான் என்றால் நம்புவீர்களா? நான் செய்து பார்த்தவற்றில் உழைப்புக்கு அதிகப் பலன் தந்தது இதுதான். கூட்டைக் கலைத்ததும் இதுவும் சேர்ந்து இரண்டரை மாதம் அமைதி கொடுத்தன.

தொட்டிக்கு நடுவே துளையிட்ட பிளாஸ்டிக் தகடு வைத்துப் பிரிப்பதைப் பலர் சொல்வார்கள். மூன்றடித் தொட்டியைக் கூறுபோட்டால் இரண்டு பக்கமும் ஒன்றரை அடிச் சிறை. ஃபில்டர் ஒரு பக்கம், அழுக்கு மறுபக்கம். எனக்கு உடன்பாடில்லை.

அப்புறம் மே மாதம் வந்தது. சென்னை வெயிலில் தொட்டித் தண்ணீர் 31, 32 டிகிரியைத் தொட்டது. சூடு ஏறினால் மீனின் உடம்பு வேகமாக ஓடும், தண்ணீரில் கரையும் ஆக்சிஜனோ குறையும். பிளாட்டியும் மோலியும் மேலே வந்து வாயைப் பிளந்தன. கௌராமிக்கு அந்தக் கவலை இல்லை, நேராகக் காற்றைக் குடிக்கும் உறுப்பு இருக்கிறது. எதிராளிகள் மூச்சு வாங்கும்போது இவன் மட்டும் முழுத் தெம்பில். பழைய பாய்ச்சல் திரும்பியது. வெயில் காலத்தில் திடீரென்று சண்டை கூடினால் மீனைத் திட்டுவதற்கு முன் ஏர் பம்ப்பை இரவு பகலாக ஓடவிடுங்கள், தீனியைத் தொட்டியின் இரண்டு முனையிலும் போடுங்கள். இது யோசனையே அல்ல, செய்தே ஆக வேண்டியது.

பெரிய தொட்டி வாங்கிவிடு என்பது பணம் உள்ளவர் யோசனை, ஆனால் பொய்யில்லை. மைடஸ் சிக்லிட்களை வைத்து 2011இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், சிறிய தொட்டிகளில் அளவையும் எண்ணிக்கையையும் கொஞ்சம் கூட்டிக் குறைத்ததில் பலன் இல்லை. ஏறக்குறைய 380 லிட்டர் பிடிக்கும், மறைவிடங்கள் நிறைந்த தொட்டியில்தான் சண்டை குறைந்தது. ஆகவே இரண்டடியிலிருந்து இரண்டரை அடிக்கு மாறிவிட்டு அதிசயத்தை எதிர்பார்க்க வேண்டாம்.

கடைசி வழி கொடுத்துவிடுவது. கடையில் பெரும்பாலும் காசு தர மாட்டார்கள், வாங்கிக்கொண்டாலே பெரிது. கொடுக்கும்போது "அடிக்கும்" என்று உண்மையைச் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் அடுத்தவர் தொட்டி நாசம். மனசு கேட்கவில்லை என்று ஏரியிலோ கோயில் குளத்திலோ விடுபவர்கள் இருக்கிறார்கள். புண்ணியம் என்றுகூட நினைக்கிறார்கள். கண்ணாடியைச் சுத்தம் செய்யும் என்று வாங்கிய சக்கர் மீன் அப்படித்தான் நம் ஊர் நீர்நிலைகளில் பெருகி வலையைக் கிழித்துக்கொண்டிருக்கிறது. இந்த வழியை ஒப்பிடவே நான் தயாரில்லை.

நான் கொடுக்கவில்லை. வீட்டில் சும்மா கிடந்த இரண்டடித் தொட்டியைக் கழுவி, அதே ஸ்பான்ஜ் ஃபில்டரோடு ப்ளூ கௌராமியைத் தனியாகக் குடிவைத்துவிட்டேன். போய் இரண்டாம் நாள் காலையில் பார்த்தால், வலது மூலையில் மறுபடி நுரைக் கூடு. கீழே அதே விறைப்பான நிற்பு. கண்ணாடியில் விரலை வைத்தால் பாய்ந்து வந்து முட்டிவிட்டுத் தன் இடத்துக்குப் போகிறது. ஊருக்குப் போய் நான்கு நாள் கழித்து வந்தபோதும் அந்த மூலையில்தான் நின்றது.