எக்ஸ்பியில் உடையும் தமிழ்: எந்த வழி தேறும்?

விண்டோஸ் எக்ஸ்பியில் தமிழ் சரியாகத் தெரியவில்லை என்றால் பலரும் முதலில் சொல்வது, "ரீஜனல் செட்டிங்ஸில் மொழியை மாத்துங்க" என்பதுதான். யூனிகோடு என்பது எல்லா மொழி எழுத்துகளுக்கும் தனித்தனி எண் தரும் பொது முறை. அதைப் பயன்படுத்தாத செயலிகளுக்கான அந்த அமைப்பு ஜப்பானிய, ரஷ்ய மென்பொருள்களுக்குக் கைகொடுக்கும். அந்த மொழிகளுக்கு விண்டோஸில் தனிக் குறியீட்டுப் பக்கம், அதாவது எந்த எண் எந்த எழுத்து என்று சொல்லும் பழைய பட்டியல், உண்டு. தமிழுக்குக் கிடையாது. ஒரு செயலிக்கு மட்டும் அந்த மொழி அமைப்பை மாற்றும் ஆப்லோக்கேல் கருவியைப் போட்டாலும் இதே கதைதான். விட்டுவிடுங்கள்.

'கொ' என்ற எழுத்தில் கொம்பும் காலும் புள்ளி வட்டத்தோடு தனித்தனியாக நிற்கிறதா? அது யூனிகோடு தமிழ். கோப்பில் குறை இல்லை. அதே ரீஜனல் செட்டிங்ஸின் லேங்குவேஜஸ் பக்கத்தில் காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட் (தமிழ் போல எழுத்துகள் சேர்ந்து உருமாறும் மொழிகள்) ஆதரவுக்கு டிக் போட்டால் லதா எழுத்துருவும் சேர்ந்தே வரும், பெரும்பாலான செயலிகளில் தமிழ் சரியாகிவிடும். ஆனால் எக்ஸ்பி சிடியைக் கேட்கும். சிடி இல்லாதவர்களுக்கு எக்ஸ்பியில் ஓடும் கடைசிப் பதிப்பான லிப்ரே ஆஃபிஸ் 5.4 என்ற இலவச அலுவலக மென்பொருள் இருக்கிறது. எழுத்துகளைக் கோக்கும் வேலையை விண்டோஸிடம் விடாமல் தானே செய்துகொள்ளும். ஒரு யூனிகோடு எழுத்துரு போதும். லிப்ரே ஆஃபிஸுக்கு வெளியே தமிழ் உடைந்தபடியேதான் இருக்கும் என்பதால், சிடி கிடைத்தால் முதல் வழியே மேல்.

உண்மையான தலைவலி பழைய பாமினி கோப்புகள். பாமினி என்பது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பழைய எழுத்துரு. பாமினியில் 'அம்மா' என்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து ஆங்கிலக் குறிகள்தான். எழுத்துரு இல்லாத கணினியில் அப்படியே ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரியும். பாமினியை நிறுவினால் உடனே படிக்கலாம், அச்சடிக்கலாம். அவசரத்துக்கு அது போதும். ஆனால் யூனிகோடில் தட்டித் தேடினால் ஒரு சொல்லும் கிடைக்காது. அடுத்த கணினிக்குப் போனால் மறுபடி கிறுக்கல்.

அதனால் யூனிகோடுக்கு மாற்றுவதுதான் என் தேர்வு. ஒரே ஒரு எச்சரிக்கை: இடையில் இருக்கும் ஆங்கிலப் பெயர், மின்னஞ்சல் முகவரி எல்லாவற்றையும் மாற்றும் கருவி தமிழாக நினைத்துக் குதறிவிடும். டிஸ்கி என்ற இன்னொரு பழைய தமிழ்க் குறியீட்டு முறையில் இந்தத் தொல்லை இல்லை. அதில் தமிழ் எழுத்துகளின் எண்கள் 128-க்கு மேலே இருக்கின்றன, ஆங்கிலம் தன் இடத்திலேயே இருக்கும். பாமினியில் எது தமிழ், எது ஆங்கிலம் என்று காட்டுவது எழுத்துருவின் பெயர் மட்டுமே. எனவே வேர்டு கோப்பை நோட்பேடில் ஒட்டி மாற்றாதீர்கள், அந்தத் தடயம் போய்விடும். வேர்டிலேயே பாமினிப் பகுதிகளை மட்டும் தேர்ந்தெடுத்து மாற்றுங்கள், மூலக்கோப்பின் நகல் ஒன்றை எடுத்து வைத்துவிட்டு.