கரண்ட் வைத்த கதை: என் இடது முட்டியும் 14 மாதமும்

தையல்கடை வைத்து 22 வருடம் ஆகிறது. மிதிக்கிற மெஷினை விட்டு மோட்டாருக்கு மாறும்போதே இடது முட்டி முனக ஆரம்பித்துவிட்டது. போன வருடம் மாடிப்படியில் பக்கவாட்டில் திரும்பி நின்றுதான் இறங்க முடிந்தது. எக்ஸ்ரே பார்த்த டாக்டர், தேய்மானம் கிரேடு 2, அதாவது லேசானதுதான், ஆபரேஷன் பேச்சே இப்போது வேண்டாம், பிசியோ போங்கள் என்றார்.

முதலில் போன இடத்தில் பத்து நாள் கரண்ட் வைத்தார்கள். தோலில் பேட் ஒட்டி லேசான மின்சாரம் விட்டு வலியைக் குறைக்கிற சிகிச்சை. பில்லில் ஐ.எஃப்.டி என்று போட்டிருந்தது. நான்கு பேட், 20 நிமிடம், இதமான குறுகுறுப்பு. வெளியே வரும்போது கால் லேசாக இருக்கும். ராத்திரி சமையலை முடிப்பதற்குள் வலி பழையபடி வந்து உட்கார்ந்துகொள்ளும். செய்ய வேண்டிய பயிற்சிகளை ஒரு தாளில் கொடுத்திருந்தார்கள். அதை மடித்துப் பட்டன் டப்பாவில் போட்டது என் தப்பு.

இரண்டாவதாகப் பார்த்த பிசியோ சின்னப் பெண். கரண்டைத் தொடவே இல்லை. படுக்கச் சொல்லி, முட்டிக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, “அம்மா, துண்டை நல்லா அமுக்குங்க” என்றார். வலது தொடை கல்லாக இறுகியது. இடதில் சதை கொஞ்சம் நடுங்கியதோடு சரி. அப்புறம் டேப் எடுத்து அளந்தார். ஊராருக்கெல்லாம் அளவெடுக்கிற எனக்கு என் தொடையின் அளவு தெரியாது! முட்டிச் சிப்பிக்கு 6 அங்குலம் மேலே, இடது தொடை வலதைவிட முக்கால் அங்குலம் இளைத்திருந்தது.

முட்டியில் வீக்கமும் வலியும் இருந்தால், முன்தொடைத் தசைக்குப் போகிற நரம்புக் கட்டளை மட்டுப்பட்டுவிடுமாம். தசை சும்மா கிடந்து இளைக்கும். இளைத்தால் பாரமெல்லாம் மூட்டின் தலையில் விழும், வலி கூடும், தசை இன்னும் சும்மா கிடக்கும். வலியை அமர்த்துகிற கரண்ட் வேறு, தசையைச் சுருங்க வைக்கிற கரண்ட் வேறு என்பதும் அன்றுதான் தெரிந்தது. டென்ஸும் ஐ.எஃப்.டியும் முதல் ரகம். ஈ.எம்.எஸ் இரண்டாவது.

வீட்டுக்கு வாங்கிய கையடக்க மெஷினில் இரண்டுமே உண்டு, ஒரு பட்டனில் மாறும். முதல் இரண்டு வாரம் டென்ஸில் வைத்துக்கொண்டு சதை ஏறுகிறது என்று நம்பிக்கொண்டிருந்தேன்! ஈ.எம்.எஸ்ஸுக்கு மாற்றியதும் வித்தியாசம் தெரிந்தது. முதலில் எறும்பு ஊரும். அளவைக் கூட்டினால் யாரோ உள்ளேயிருந்து தொடையைப் பிடித்துத் திருகுவது போல இருக்கும். முட்டிச் சிப்பி தானாகவே தொடைப் பக்கம் ஏறும். 10 விநாடி இறுக்கம், 30 விநாடி ஓய்வு, மொத்தம் 15 நிமிடம். எனக்குச் சொன்ன அளவு அது. இறுகும்போது நாமும் சேர்ந்து துண்டை அமுக்க வேண்டும், டிவி பார்த்துக்கொண்டு படுத்திருந்தால் பாதிப் பலன் போய்விடும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

தேங்காய் எண்ணெய் தடவிய காலில் பேட் ஒட்டாது. சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டு ஒட்டினேன். ஒரு மாதத்தில் பசை காய்ந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் தடவி இன்னும் சில நாள் ஓட்டலாம். என் மாமனாரும் ஆசைப்பட்டார். அவருக்கு பேஸ்மேக்கர் இருப்பதால் மெஷின் பக்கமே விடவில்லை.

ஆறு வாரம் வரை டேப்பில் ஒன்றும் ஏறவில்லை. ஆனால் கரண்ட் இல்லாமலே துண்டை இறுக்கி அமுக்க வந்தது. அதன் பிறகு காலை நீட்டித் தூக்குவது, நாற்காலியில் கை ஊன்றாமல் எழுவது, ஒற்றைப் படி ஏறி இறங்குவது என்று பயிற்சி கூடியது. மூன்றாம் மாதம் கால் அங்குலம் ஏறியிருந்தது. ஐந்தாம் மாதத்தில், தசை தானாக வேலை செய்கிறது, மெஷின் போதும் என்றார் பிசியோ.

தீபாவளித் துணி குவிந்தபோது மூன்று வாரம் பயிற்சியை விட்டேன். வலி திரும்பியது. சோம்பலில் ஒரு வாரம் மெஷினை மட்டும் மாட்டிப் பார்த்தேன், பெரிதாகப் பலனில்லை. பயிற்சியைத் திரும்ப ஆரம்பித்த பிறகுதான் படி இறங்க வந்தது. எந்த நோய்க்கு என்ன சிகிச்சை தரலாம் என்று சொல்கிற பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2022இல் வெளியிட்ட வழிகாட்டுதல், மூட்டுத் தேய்மானத்துக்கு டென்ஸ், ஐ.எஃப்.டி, ஈ.எம்.எஸ் மாதிரியான தசைத் தூண்டல் எதையும் தர வேண்டாம், பலனுக்குப் போதிய ஆதாரம் இல்லை என்கிறது. பயிற்சியையும் எடைக் குறைப்பையும்தான் முன்னால் வைக்கிறது. என் அனுபவத்தில், தூங்கிக் கிடந்த தொடையை எழுப்பிவிட்ட அளவுக்கு மெஷின் உதவியது. அதுவும் என் எண்ணம்தான். நடுவில் 4 கிலோ எடையும் குறைந்தது, எது எவ்வளவு உதவியது என்று பிரித்துச் சொல்ல முடியாது.

இப்போது இரண்டு தொடைக்கும் கால் அங்குலம்தான் வித்தியாசம். படி நேராக இறங்குகிறேன். சம்மணம் மட்டும் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகவில்லை. அதனால் துணி வெட்டுவதைத் தரையிலிருந்து மேஜைக்கு மாற்றிவிட்டேன்.