எல்எல்சியா, விசி-மக்ஸா? டிஎஸ்எல் மோடமில் பிவிசி அமைக்கும்போது

டிஎஸ்எல் (தொலைபேசிக் கம்பி வழி இணையம்) மோடமின் அமைப்புப் பக்கத்தில், பிவிசி எனப்படும் நிலையான மெய்நிகர் இணைப்பை அடையாளம் காட்டும் விபிஐ, விசிஐ எண்களுக்குக் கீழே எல்எல்சி, விசி-மக்ஸ் என்று ஒரு தேர்வு இருக்கும். எண்களில் யோசிக்க ஒன்றுமில்லை. மறுமுனையில் 0/35 என்றால் இங்கும் 0/35, அங்கே 8/35 என்றால் இங்கும் அதுவே. எல்எல்சியா, விசி-மக்ஸா என்ற என்காப்சுலேஷனும் (பாக்கெட்டைப் பொதிந்து அனுப்பும் முறை) மறுமுனையோடு பொருந்தியே ஆக வேண்டும். ஆனால் இரு முனைகளும் நம் பொறுப்பில் இருந்தால், முன்னிருப்பாக வரும் எல்எல்சியை அப்படியே விட்டுவிடுவது சரியல்ல. அதிலும் குரல் அழைப்பு ஓடும் மெதுவான இணைப்பில் அது பெரிய வீண்செலவு.

எல்எல்சி ஒவ்வொரு பாக்கெட்டின் தலையிலும் 'இது இன்ன புரோட்டோகால்' என்று எழுதி அனுப்புகிறது. விசி-மக்ஸில் ஒரு பிவிசிக்கு ஒரே புரோட்டோகால் என்று முன்பே முடிவாகிவிடுவதால் அந்தக் குறிப்பே தேவையில்லை. ஈதர்நெட் பாக்கெட்டை அப்படியே கடத்தும்போது (பிரிட்ஜ்) முன்னதற்கு 10 பைட், பின்னதற்கு 2 பைட். எட்டு பைட்தானே என்று தோன்றும். ஆனால் பிவிசி ஓடும் ஏடிஎம் முறை எல்லாவற்றையும் ஒரே அளவுள்ள சிறு துண்டுகளாக, அதாவது செல்களாக, வெட்டி அனுப்புகிறது; ஒரு செல்லில் சரக்குக்கு இடம் 48 பைட். ஒரு பைட் மிஞ்சினாலும் இன்னொரு முழு செல் போகும்.

ஜி.729 என்ற குரல் சுருக்க முறையின் பாக்கெட்டைப் பாருங்கள். 20 மில்லிவிநாடிக்கு ஒன்று, ஐபி தலைப்போடு 60 பைட். பிபிபிஓஇ (கடவுச்சொல் கேட்டு இணைக்கும் பிபிபியை ஈதர்நெட் மேல் ஓட்டும் முறை) வழியாகப் போனால் அதற்கு 8, ஈதர்நெட்டுக்கு 14, பாக்கெட்டை செல்களாகப் பிரிக்கும் ஏஏஎல்5 கடைசியில் சேர்க்கும் வாலுக்கு 8: மொத்தம் 90. விசி-மக்ஸில் 92, இரண்டு செல். எல்எல்சியில் 100, மூன்று செல்! வெறும் 8 கிலோபிட் பேச்சுக்கு ஒரு திசையில் விநாடிக்கு 42.4 கிலோபிட்டா, 63.6 கிலோபிட்டா என்பதுதான் கேள்வி. 1492 பைட் பாக்கெட்டுக்கு இரண்டிலும் 32 செல்தான். பெரிய கோப்புகளை இறக்குவது மட்டுமே வேலை என்றால் எதுவானாலும் ஒன்றுதான்.

எல்எல்சிக்கு உண்மையான தேவை எங்கே? பிபிபியோ ஈதர்நெட்டோ இல்லாமல் பல புரோட்டோகால்களை நேரடியாக ஒரே பிவிசியில் அனுப்பும்போது. பிபிபி இருந்தால் புரோட்டோகால் எதுவென்று அதன் தலைப்பே சொல்லிவிடும். எல்எல்சி சொல்வது இரண்டாவது முறை.

அடுத்த தேர்வு, எல்லாவற்றுக்கும் ஒரே பிவிசியா, குரலுக்குத் தனி பிவிசியா என்பது. ஒரே பிவிசி அமைப்பதற்கு எளிது. ஆனால் அதில் ஒரு பாக்கெட்டின் செல்கள் முடியும்வரை அடுத்த பாக்கெட் நுழைய முடியாது. அப்லோட் வேகம் 256 கிலோபிட் என்றால் அந்த 32 செல்களுக்கு ஏறத்தாழ 53 மில்லிவிநாடி ஆகும். குரல் அவ்வளவு நேரம் காத்திருக்கும். தனி பிவிசியில், மோடம் செல் அளவில் முன்னுரிமை தருமானால், ஒரு செல் போகும் நேரம்தான், 2 மில்லிவிநாடிக்கும் குறைவு. குரல் பிவிசியை சிபிஆர் (நிலையான வேகம்) என்றும் டேட்டாவை யுபிஆர் (உறுதியில்லாத, மிஞ்சிய வேகம்) என்றும் வையுங்கள். உச்ச வேகத்தை மோடம் விநாடிக்கு இத்தனை செல் என்று கேட்கும். 1000 செல் என்பது 424 கிலோபிட். இதற்கு மறுமுனையிலும் இரண்டு பிவிசிகள் வேண்டும் என்பதுதான் கூடுதல் வேலை. ஏடிஎம் செல்கள் இல்லாத பிடிஎம் முறையில் ஓடும் விடிஎஸ்எல்2 (வேகமான டிஎஸ்எல் வகை) இணைப்பில் இந்தக் கேள்வியே எழாது, அங்கே போக்குவரத்தை எண்ணிட்டுப் பிரிக்கும் விலான்தான்.

டிஎஸ்எல் விளக்கு எரிந்தும் பிபிபி ஏறவில்லையா? கடவுச்சொல்லை மாற்றிப் பார்ப்பதற்கு முன் அந்த பிவிசியில் ஒரு சோதனை செல்லை அனுப்பி, அது திரும்பி வருகிறதா என்று பார்க்கும் எஃப்5 லூப்பேக் சோதனையை ஓடவிடுங்கள். மறுமுனையிலிருந்து பதில் வந்தால் விபிஐ, விசிஐ சரி. அடுத்துப் பார்க்க வேண்டியது என்காப்சுலேஷனை.